மேற்கே தள்ளிய பதினோரு அங்குலம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே எழுதியிருக்க வேண்டியது. தள்ளித் தள்ளி வைத்தேன். போன வாரம் தேக்காவில் வெள்ளம் வந்து சட்டிபானைகள் மிதந்து போன கதையைக்கூட எழுதிவிட்டேன். இதற்கென்று பேனாவை எடுத்தால் மட்டும் கை நின்றுவிடும்.

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் பயம் எழுத்துப் பிழையைப் பற்றியது இல்லை.

போன வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் குங்குமத்துக்குக் கை நீட்டி நின்றபோது, இனியும் மறைத்தால் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து நேராக உட்கார்ந்துவிட்டேன்.

தொட்டிக்குள் ஒரு நிழல்

சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பெயர் வேண்டாம். அதன் திடலில், யானையை இறக்கிக் குளிப்பாட்டலாம் போல ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினேன். பெரிய பீப்பாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மண்ணில் மல்லாத்திப் பதித்தது போன்ற வடிவம். அதன் வாய்க்கு நடுவில், வடக்குத் தெற்காக ஓர் இரும்புக் குழாய். அவ்வளவுதான். அதுதான் வெயில் கடிகாரம்.

முள் கிடையாது, சாவி கிடையாது. குழாயின் நிழல் தொட்டிக்குள் விழும். காலையில் மேற்குச் சுவரின் உச்சியில் தொடங்கும். மெல்ல இறங்கி, உச்சிவேளையில் தொட்டியின் அடிமட்டத்தைத் தொடும். பிறகு கிழக்குச் சுவரில் ஏறிப் போய்விடும்.

நான் சொல்ல வந்தது ஒரு மத்தியானத்தைப் பற்றி. மணிக்கோடுகளை இன்னும் பதிக்கவில்லை. சிமெண்டு காய்ந்த வாசனை. எல்லாம் வரைந்து கொடுத்த காதர் பாய், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியின் அடியில் குந்தியிருந்தார், கையில் கடிகாரத்தோடு.

"மேஸ்திரி, இறங்கி வாங்க. தரை சுடும், பாத்து."

இறங்கினேன். நிழல் சரியாக அடிமட்டத்தில் நூல் பிடித்தது போல விழுந்திருந்தது. முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"இப்ப மணி என்ன, சொல்லுங்க."

"சூரியன் உச்சியில நிக்குது. பன்னெண்டு."

கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பன்னிரண்டு முப்பத்தைந்து.

"பாய், இந்தக் கடிகாரத்த எங்க வாங்குனீங்க? திருட்டுச் சந்தையிலயா?"

"காலையில ரேடியோவக் கேட்டு வச்ச மணி, சத்தியமா சரி. சூரியனும் சரி. இங்க பல ஊருக்கும் பொதுவா ஒரு மணி வச்சிருக்காங்க, மேஸ்திரி. அது நம்ம தலைக்கு மேல இருக்கிற சூரியனுக்கு வச்ச மணி இல்ல. முப்பத்தஞ்சு நிமிஷம் முந்தி ஓடுது. எங்களுக்கு இது புதுசில்ல. பகல் தொழுகைக்கு நாங்க நிழலு சாயறதத்தானே கணக்கு வைக்கிறோம்."

பிறகு சிரித்தார். "உங்க ஆளுங்கதான் பாவம். மெட்ராஸ் காலண்டர்ல திங்கக்கிழம ராகுகாலம் ஏழரையிலேருந்து ஒம்பதுன்னு போட்டிருக்கும். ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும்னு வச்ச கணக்கு அது. அத அப்படியே இந்த ஊரு கடிகாரத்துல பாக்கிறீங்க. ராகு எட்டஞ்சுக்குத்தான் வீட்ட விட்டே கிளம்புறாரு, லா!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

லோங்காங் கட்டியவன்

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் கொத்து மேஸ்திரி. அதிலும் பெரும்பாலும் லோங்காங் வேலை. தெருவோரம் மழைத் தண்ணீர் ஓடுமே, அந்த அரைவட்டக் கால்வாய்தான். இந்தத் தீவில் எத்தனை மைல் கட்டினேனோ, அந்த மழைக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் முதலில் ஏதோ வெள்ளைக்காரன் புத்தகத்துப் படத்தைக் காட்டினார். வட்டக் கல், அதன் மேல் செங்குத்தாக ஒரு முக்கோணத் தகடு. நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிற காதர் பாயிடம் யோசனை கேட்டார்கள். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், எனக்குப் பல வருஷப் பழக்கம்.

"இது அவங்க ஊருக்குச் சரி. அங்க சூரியன் சாஞ்சு போகும். நமக்கு நேரா தலைக்கு மேல போகுது. அந்தத் தகட்ட இங்க படுக்கத்தான் வைக்கணும்" என்றாராம். படுக்கவைத்த குழாய்க்குக் கீழே அரைவட்டத் தொட்டி என்று வரைந்தார். "அரைவட்டம் பிசகாமப் பூசணும். அதுக்கு லோங்காங் மேஸ்திரிதான் லாயக்கு" என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இதைச் சொல்லி எத்தனை பேர் என்னைக் கேலி செய்தார்கள்! 'மேஸ்திரி சூரியனுக்கே சாக்கடை கட்டுறாரு' என்று.

வடக்குத் திசையை நாங்கள் இருவரும் சேர்ந்து பிடித்தோம். கோயில் திருப்பணியில் ஸ்தபதி செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு குச்சியை நட்டு, சுற்றி ஒரு வட்டம் போட்டு, நிழலின் நுனி காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வட்டத்தைத் தொடும் இடங்களைக் குறித்து, இரண்டையும் கோட்டால் சேர்த்தால் கிழக்கு மேற்கு. பாயும் அதையேதான் சொன்னார், பள்ளிவாசலில் கற்றது என்று.

ஒரே ஒரு சண்டை வந்தது. பன்னிரண்டடிக் குழாயை நான் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்க, முடி அளவும் பிசகாமல் வைத்திருந்தேன். பாய் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வடக்கு முனை மூணேகால் அங்குலம் தூக்கியிருக்கணும் மேஸ்திரி!"

"கோணலா வைக்கச் சொல்றீங்களா? நாளைக்கு என்னப் பாத்து எவன் வேல குடுப்பான்?"

"பூமியே அந்தக் கோணல்லதான் நிக்குது. நீங்க ஒருத்தர்தான் நிமித்தப் பாக்கிறீங்க."

தூக்கி வைத்தேன். ஆனால் அன்று முழுவதும் அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தது.

ஒன்பது அடிக்கட்டும்

இதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் ஒரே மகள் சரோஜாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தங்கராசு, செம்பவாங்கில் கப்பல்துறையில் வேலை. தங்கமான பையன். வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. ராகுகாலம் ஒன்பதுக்கு முடிகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் எட்டரைக்கே மணையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐயர் தயார், மேளம் தயார்.

நான் விடவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். "ஒம்பது அடிக்கட்டும்" என்றேன். சம்பந்தியம்மா பெருமையாகப் பார்த்தார்கள். விருந்துக்கு வந்திருந்த காதர் பாய், "மேஸ்திரி, இட்லி ஆறுது" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது அடித்து, இன்னும் ஒரு பத்து நிமிஷம் பாதுகாப்புக்கு விட்டு, ஒன்பது பத்துக்குத் தாலி ஏறியது.

மறுவருஷக் கடைசியில் சரோஜாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு நிற்காமல் போயிற்று. உடம்பு தேற நம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ரேஸ்கோர்ஸ் ரோட்டில் ஒரு மேல்வீட்டு அறை. நாற்பது நாள் என்று வந்தவள் நாலு மாதமாக இருந்தாள். அழைத்துப் போக ஆள் வரவில்லை.

சம்பந்தியம்மா யாரிடமோ ஜாதகம் பார்த்தார்களாம். 'தாலி ஏறுன நேரத்துல கொற இருந்தா அந்தப் பொண்ணு குடும்பத்துக்கு ஆகாது' என்று அங்கே சொன்னார்களாம். சம்பந்தியம்மா என்னைக் கோயிலில் பார்த்து, தாலி ஏறிய நேரத்தை நேராகவே கேட்டார்கள். நான் கற்பூரத் தட்டைத் தொட்டுச் சொன்னேன்: "ஒம்பது அடிச்ச பொறவுதான் தாலி ஏறுச்சு. நானே நின்னு பாத்தேன்."

அந்த அம்மாள் அரைகுறையாகத் தலையாட்டினார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் என் மகள் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பவும் தொட்டியில்

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். நான் போட்ட கணக்கு இதுதான். கடிகாரத்தில் ஒன்பது பத்து என்றால், சூரியனுக்கு எட்டு முப்பத்தைந்து. நடு ராகுகாலம். நான் நிற்காமல் இருந்திருந்தால், எட்டரைக்குக் கட்டியிருந்தாலும் ராகுதான். ஆனால் அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். என் கண்ணெதிரே, என் பிடிவாதத்தால், என் பெண் கழுத்தில் அந்த நேரத்தில் ஏற்றிவிட்டேனே.

பாய் ஒன்றும் கவனிக்காதவர் போல நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலைவர்ட்ட சொல்லிட்டேன்" என்றார். "பக்கத்துல ஒரு பலகை வைக்கப் போறோம். நம்ம ஊரு சூரியன் கடிகாரத்துக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் பின்னாலன்னு தமிழ்லயும் எழுதி. கோயிலுக்குப் போற சனம் பூரா படிக்கும்."

கோயிலுக்குப் போகிற சனத்தில் சம்பந்தியம்மாவும் உண்டு. வெள்ளி தவறாமல் செம்பவாங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்.

பித்தளைப் பட்டைகள்

மறுவாரம் பாய் தம்பி கல்யாணத்துக்குப் பத்து நாள் பினாங்கு போனார். போகும்முன் படத்தை என் கையில் கொடுத்தார். தொட்டிச் சுவரில் ஒரு மணிக்கு ஏறக்குறைய பத்தொன்பது அங்குல இடைவெளி. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பித்தளைப் பட்டை. அடிமட்டத்தில் பன்னிரண்டு. அங்கிருந்து இரு பக்கமும் சமமாக. "நான் வர்றதுக்குள்ள பதிச்சு முடிச்சிருங்க. உங்க கை மேல எனக்குக் கவலை இல்ல" என்றார்.

மூன்று நாள் நான் பட்டையைத் தொடவில்லை. நாலாம் நாள் காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போனேன். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

எல்லாக் கோடுகளையும் மேற்கே பதினோரு அங்குலம் தள்ளிப் பதித்தேன். முப்பத்தைந்து நிமிஷத்துக்கு அவ்வளவுதான் தூரம். இப்போது நிழல் கடிகாரத்தோடு ஒத்துப்போகும். பலகைக்கு அவசியமில்லை. யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

ஒரு சங்கடம் மட்டும். காலை ஆறு மணிக் கோட்டுக்குச் சுவரில் இடமே இல்லாமல் போயிற்று. அது விளிம்புக்கு வெளியே ஆகாயத்தில் நின்றது. அந்தப் பட்டையைச் சாக்கில் சுற்றி, சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போட்டுவிட்டேன்.

தலைவர் வந்து தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "அச்சு அசல்!" என்றார். பலகை வேண்டாம் என்று ஆயிற்று.

திறப்பு விழா

பாய் பினாங்கிலிருந்து திரும்பிய மறுநாளே திறப்பு விழா. மாலை, சர்பத், சிறுபிள்ளைகள் பாட்டு எல்லாம் இருந்தது. கல்வி விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் பார்வையிட வந்திருந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் எண்ணினார்.

"பன்னிரண்டு ஏன் அடிமட்டத்தில் இல்லை? காலை ஆறு எங்கே?" என்று தலைவரிடம் கேட்டார். "யாரோ தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்."

தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனதைச் சொல்லக்கூடத் தலைவருக்குத் தோன்றவில்லை; முகம் சுருங்கிவிட்டது. அத்தனை பேருக்கும் முன்னால், "யாருய்யா இதுக்குப் பொறுப்பு?" என்றார்.

பாய் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"என் கணக்குதான்" என்றார் பாய். "நான்தான் பிசகா வரைஞ்சிட்டேன்."

என் வாய் திறக்கவில்லை.

பள்ளிக்கூட ஆண்டு மலரில், கணக்கில் பதினோரு அங்குலப் பிழை நேர்ந்துவிட்டது என்று அச்சிலேயே போட்டார்கள். பாயின் அலுவலகத்தில் அவருக்குப் 'பதினோரு அங்குலம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஒரு முறை கோப்பிக் கடையில் யாரோ அப்படிக் கூப்பிட, அவர் திரும்பிப் பார்த்து, "என்னப்பா?" என்றதை நான் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன். கோப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிறு மாலை, ஐந்தரை

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்தரை இருக்கும். மாடிப்படியில் காலடிச் சத்தம். தங்கராசு. வேர்த்து விறுவிறுத்து, கையில் ஒரு பை.

"மாமா, சரோஜாவக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

என் மனைவி பார்வதிக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. ஆனாலும் சுவரைப் பார்த்தாள். "உக்காருங்க தம்பி, ராகுகாலம். ஆறு அடிக்கட்டும், கெளம்பலாம்."

"ஆறே முக்கால் ஆகட்டும்" என்றேன் நான்.

பார்வதி திரும்பினாள். "ஞாயித்துக்கெழம ராகு ஆறுக்கு முடிஞ்சிருமே. அது என்னங்க ஆறே முக்கா?"

ராகு ஆறு முப்பத்தைந்துக்கு முடியும், மேலே பத்து நிமிஷம் பாதுகாப்புக்கு என்று நான் மனத்துக்குள் வைத்திருந்த கணக்கு வாயிலிருந்து போய்விட்டது. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, முப்பத்தைந்து நிமிஷம், ஒன்பது பத்து, பட்டைகள், பாய். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது பார்வதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கராசுதான் முதலில் பேசினான். "எங்கம்மா இன்னும் சம்மதிக்கல மாமா. வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வந்தேன். அவங்கள நான் பாத்துக்கிறேன்."

சரோஜா துணிகளை ஏற்கெனவே அடுக்கிவைத்திருந்தாள் போலிருக்கிறது. உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். எனக்கும் பார்வதிக்கும் நமஸ்காரம் செய்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"ஒரு தடவ மணி பாத்துக் காத்திருந்தது போதும்ப்பா" என்றாள். "நாலு மாசமா இவரு எப்ப வருவாருன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். ராகு எப்ப போவாருன்னு பாக்கல."

ராகுகாலத்திலேயே படியிறங்கிப் போனார்கள். அடுத்த வருஷம் பேத்தி பிறந்தாள்.

நான் ராகுகாலம் பார்ப்பதை விட்டுவிடவில்லை. இன்றும் பார்க்கிறேன், சூரியக் கணக்கில். எனக்கு நம்பிக்கை போகவில்லை. ஆனால் ராகு எனக்குச் செய்த கெடுதல் என்று ஒன்றையும் என்னால் விரல்விட்டுச் சொல்ல முடியவில்லை. நான் பாய்க்குச் செய்தது ஒன்று இருக்கிறது.

பாய் சொன்னது

மறுநாள் வேலை முடிந்ததும் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்தவுடனேயே கையமர்த்தினார்.

"தெரியும் மேஸ்திரி."

"எப்படி?"

"எல்லாப் பட்டையும் சரியா முப்பத்தஞ்சு நிமிஷம் தள்ளி இருந்துச்சு. தெரியாமப் பிசகுனவன் அவ்வளவு சரியாப் பிசக மாட்டான். அன்னிக்குத் தொட்டியில உங்க மூஞ்சி மாறுச்சே, அதையும் பாத்தேன். உங்க வீட்டுக் கல்யாணத்துல இட்லிக்குக் காத்திருந்தவன்ல நானு? எத்தன மணிக்குத் தாலி ஏறுச்சுன்னு எனக்கா தெரியாது?"

"பொறவு ஏன் பாய் உங்க கணக்குன்னு சொன்னீங்க?"

"நீங்க வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். தொறக்கல. யாராவது ஒருத்தர் சொல்லணும்ல."

அப்போதே தலைவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். பாய் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "வேணாம். பொண்ணு இப்பத்தான் போய்ச் சேர்ந்திருக்கு. சம்பந்தியம்மா காதுக்குப் போனா நல்லாருக்காது. இருக்கட்டும்."

டம்ளரில் தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தபின் மறுபடியும் பேசினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மேஸ்திரி. நானே தள்ளி வரைஞ்சு குடுத்திருப்பேன். குழாய நடுவுலேருந்து நகத்தி, மேக்குச் சுவர இன்னும் கொஞ்சம் ஒசத்தி, ஆறு மணிக்கும் எடம் பண்ணியிருப்பேன். ஒருத்தனுக்கும் சந்தேகம் வந்திருக்காது."

இப்போது அந்தத் தொட்டி இல்லை. பள்ளிக்கூடமே வேறு இடத்துக்குப் போய்விட்டது. சம்பந்தியம்மா காலமாகிவிட்டார். காதர் பாயும் போய்விட்டார்; அவருடைய ஜனாஸாவில் நானும் தோள் கொடுத்தேன். இதை அச்சில் போடுவதற்குச் சரோஜாவிடமும் மாப்பிள்ளையிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

ஆனால் கதை மட்டும் இருக்கிறது. கோப்பிக் கடைகளில் இன்னும் சொல்கிறார்கள், 'ஒரு பாய் வெயில் கடிகாரத்துக்குக் கணக்குப் போட்டாராம், ஆறு மணியையே தொலைச்சிட்டாராம்' என்று. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கதையை யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்தி, இதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மகளுக்காகச் செய்தான் பாவம் என்று எனக்காக ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். படம் சரியாக இருந்தது. அவர் வரைந்த பன்னிரண்டு, தொட்டியின் அடிமட்டத்தில்தான் இருந்தது.